புரதம் கரைசலில் நிற்க: துணைப் புரதத்தை ஒட்டுவதா, கரைசலை மாற்றுவதா?

நாகை மாணவி:
உவர் நிலத்தில் விளையும் குழியடிச்சான் நெல்லின் நொதி ஒன்றை ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கி, அதன் அமைப்பைக் காணப் படிகமாக்க முயல்கிறேன். 37 டிகிரியில் வளர்த்தால் முழுவதும் கரையாத திரளாகிவிடுகிறது. 18 டிகிரியில் ஓரளவு கரைகிறது. ஆனால் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டிச் செறிவாக்கினால் கலங்குகிறது. படிகம் வளர்க்க 10 மில்லிகிராமாவது வேண்டும் என்கிறார் வழிகாட்டி. மால்டோஸ் பிணைப்புப் புரதத்தை முன்னால் ஒட்டலாமா?

குடந்தைக்காரன்:
தயங்காமல் ஒட்டுங்கள். 42 கிலோடால்டன் எடையுள்ள அந்தப் புரதம் நன்றாகக் கரையும். தன்னோடு சேர்ந்ததையும் பல நேரங்களில் கரைய வைக்கும். அது ஒட்டிக்கொள்ளும் அமைலோஸ் நிரப்பிய குழாயில், அதாவது அமைலோஸ் பத்தியில், எளிதாகச் சுத்தமாகும். பிறகு புரதத்தைக் குறித்த இடத்தில் வெட்டும் டி.இ.வி. புரோட்டியேஸ் நொதியால் துணையை வெட்டிவிடலாம்.

தில்லைவாசி:
இதை ஏற்க மாட்டேன். ஒட்டிய புரதம் கரைவதும் உங்கள் நொதி சரியாக மடிவதும் ஒன்றல்ல. மடியாத நொதியைக்கூட அந்தப் பெரிய துணை கரைசலில் தாங்கி நிற்கும். வெட்டிய மறுகணம் எல்லாம் வீழ்படிவாகும். வெட்டுவதற்கு முன்பே, மூலக்கூறுகளை அளவுப்படி பிரித்துப் பெரியவற்றை முதலில் வெளியேற்றும் பத்தியில் ஓட்டிப் பாருங்கள். முதல் வடிநீரிலேயே வந்துவிட்டால் அது கரைந்த திரள்தான், படிகத்துக்கு உதவாது.

முதலில் கரைசலைக் கவனியுங்கள். நொதியின் மொத்த மின்னூட்டம் சுழியமாகி அது எளிதில் திரளும் பி.எச்.தான் மின்சமநிலைப் புள்ளி; அதற்கு அருகில் பி.எச். வைத்திருக்கிறீர்களா? உப்பு எவ்வளவு? அர்ஜினின், குளுட்டமேட் என்ற அமினோ அமிலங்கள் இரண்டையும் 50 மில்லிமோலார் வீதம் சேர்த்தால் சில புரதங்களின் கரைதிறன் 8 மடங்குக்கு மேல் உயர்ந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. நொதி வினைபுரியும் பொருளையோ அதற்கு உதவும் துணைக்காரணியையோ சேர்த்து, நொதி மடிப்புக் குலையும் வெப்பநிலை (உருகும் வெப்பநிலை) உயர்கிறதா என்றும் அளந்து பாருங்கள். ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது. துணைப் புரதத்தின் மரபணுவை நொதியின் மரபணுவோடு இணைத்துப் புதிய குளோன் கட்ட எவ்வளவு நாளாகும்?

குடந்தைக்காரன்:
வெட்டத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? எச்.டி.எல்.வி.-1 வைரஸின் ஜி.பி.21 புரதத்தின் அமைப்பை 1999இல் கண்டது மால்டோஸ் பிணைப்புப் புரதத்தோடு சேர்த்துப் படிகமாக்கித்தான். இடையிலிருந்த நீண்ட, தளர்ந்த இணைப்பை நீக்கி மூன்று அலனின்களை மட்டும் வைத்தார்கள். தளர்ச்சி போனது, படிகம் வந்தது. துணைப் புரதத்தின் அமைப்பு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் எக்ஸ்-கதிர்த் தரவில் பதிவாகாத அலைக்கட்டங்களைக் கண்டறியும் கட்டச் சிக்கலைத் தீர்க்கவும் அதுவே கைகொடுக்கும்.

திருவையாற்றான்:
ஏன் நெல் நொதியோடு மல்லுக்கட்ட வேண்டும்? சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லில் புரதம் கட்டும் ரைபோசோமின் அமைப்பைக் காண, அதன் சிறிய துணையலகை எடுத்தது தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற வெப்பம் விரும்பும் பாக்டீரியாவிலிருந்து. அத்தகைய உயிரிகளின் புரதங்கள் உறுதியானவை. இணையான நொதியை அங்கே தேடுங்கள்.

நாகை மாணவி:
ஐயா, குழியடிச்சானின் நொதி உப்பை எப்படித் தாங்குகிறது என்பதுதான் என் கேள்வி. வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி அதற்குப் பதில் சொல்லாது.

தில்லைவாசி:
சரியாகச் சொன்னீர்கள். நொதியை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் குறைவாக மாற்றுங்கள். எச்.ஐ.வி. வைரஸின் இன்டகிரேஸ் நொதி எத்தனையோ பேரைத் திணறடித்தது. அதன் மையப் பகுதியில் 185ஆம் இடத்து ஃபினைல்அலனினை லைசினாக்கியதும் கரைந்தது. 1994இல் படிக அமைப்பு வெளிவந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம்!

ஆனால் கரைதிறனை எல்லையின்றி ஏற்றுவதையும் இலக்காக்காதீர்கள். படிகம் வளரும் துளி, கரையும் அளவைத் தாண்டிய மிகைச்செறிவை எட்ட வேண்டும், அப்போது மூலக்கூறுகள் ஒழுங்காகச் சேர வேண்டும். மேற்பரப்பில் நீண்டு அசையும் லைசின், குளுட்டமேட் கூட்டங்கள் கரைய உதவும், சேர்வதைத் தடுக்கும். அவற்றில் இரண்டு மூன்றை அலனினாக்கிப் படிகம் பெற்றவர்கள் பலர். குடந்தை நண்பரின் வழி கரைதிறனை மட்டுமே பார்க்கிறது என்பதுதான் என் சண்டை.

குடந்தைக்காரன்:
நான் படிகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அந்த மூன்று அலனின்களைப் படித்தீர்களா? இருந்தாலும் பி.எச்., உப்பு சோதனை முதலில் நடக்கட்டும், மறுக்கவில்லை. குளோனையும் இன்றே தொடங்குங்கள். ஒன்று தோற்றபின் மற்றொன்று என்று காத்திருந்தால் ஆய்வுக்காலம் போய்விடும். இன்னொன்று: சித்திரையில் மின்சாரம் போனால் பாக்டீரியா வளர்க்கும் ஷேக்கர் 18 டிகிரியில் நிற்காது. ஜெனரேட்டர் இணைப்புள்ள அறைக்கு அதை மாற்றச் சொல்லுங்கள்.

நாகை மாணவி:
இப்போது வைத்திருக்கும் பி.எச். 7.0, கணக்கிட்ட மின்சமநிலைப் புள்ளி 6.8. நாளை 8.5இலும் 300 மில்லிமோலார் உப்பிலும் தொடங்குகிறேன். மூன்று அலனின் வடிவத்தின் குளோனுக்குத் தேவையான பிரைமர்கள் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுகளின் வரிசையையும் எழுதி அனுப்புகிறேன்.