கீழ்ப்பிரிவுக் கால்பந்தில் ஸ்டாப்பர் (நடுவில் நிற்கும் டிஃபென்டர்) வாழ்க்கை: ஆடியவர்களும் கூட இருந்தவர்களும் சொல்லுங்கள்

பதினோரு சீசன் ஆடினேன். பாதிக்கு மேல் ஒரு வருட ஒப்பந்தம்தான். அதில் மறக்க முடியாத ஆள் ஒரு ஸ்ட்ரைக்கர். எனக்கு 19 வயது, அவருக்கு 36 இருக்கும், லேசாகத் தொப்பை வேறு. சரி, இவரை ஓடியே அடக்கிவிடலாம் என்று இறங்கினேன். மனிதர் ஓடவே இல்லை. ஒவ்வொரு கார்னருக்கும் பந்து கிளம்பும் நேரம் பார்த்து என் பூட்ஸ் மேல் காலை வைப்பார். ஒரே நொடி. நான் எம்புவதற்குள் அவர் தலை பந்தில் இருக்கும். இரண்டு கோல். கீழ்ப்பிரிவில் விஏஆர் (வீடியோ பார்க்கும் நடுவர்) ஏது?

ஆட்டம் முடிந்து அவரே வந்தார். "பந்தையே பார்க்காதே தம்பி. என் இடுப்பில் கையை லேசாக வைத்துக்கொள், பிடிக்காதே. நான் எந்தப் பக்கம் நகர்கிறேன் என்று கையே சொல்லும்." பிடித்தால்தானே ஃபவுல்! மிச்ச வருடங்கள் அந்தக் கையால்தான் பிழைத்தேன்.

*

நான் ஆடியவன் இல்லை, பிசியோ. எங்கள் ஸ்டாப்பருக்குப் புருவம் கிழிந்து இடைவேளையில் டாக்டர் 5 தையல் போட்டார். போட்டு முடிப்பதற்குள் ஸ்டாப்பர் "ஸ்கோர் என்ன?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். முதல் தடவை எல்லோரும் சிரித்தோம். இன்றைக்கு என்றால் மூளை அதிர்ச்சியாக இருக்கும் என்று உட்கார வைத்திருப்பேன். அன்று அனுப்பிவிட்டேன், 90 நிமிடமும் ஆடினார். ஸ்காட்லாந்தின் முன்னாள் ஆட்டக்காரர்களை வைத்து கிளாஸ்கோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. கோல்கீப்பர்களுக்கு மூளை நரம்புச் சிதைவு நோய் ஆபத்து பெரிதாகக் கூடவில்லை, டிஃபென்டர்களுக்கோ ஏறத்தாழ 5 மடங்கு. படித்ததும் அந்தப் புருவம்தான் கண்ணில் நின்றது.

*

எங்கள் பயிற்சியாளர் வாரம் தவறாமல் கிறிஸ் ஸ்மாலிங் கதையை எடுப்பார். மெய்ட்ஸ்டோன் என்ற இங்கிலாந்துக் கீழ்ப்பிரிவு கிளப்பில் ஆடிய பையன் 2008-இல் ஃபுல்ஹாம், 2010-இல் மான்செஸ்டர் யுனைடெட். நான் அதற்குத் தலைகீழ், மேலே ஆரம்பித்து வருடத்துக்கு ஒரு படி இறங்கியவன். சீசன் முடிந்ததும் மேனேஜர் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே அடுத்து நின்ற கோல்கீப்பர் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் குனிந்து, ஒழுங்காக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தான்.