வெயில் விழும் ஹாலுக்கு டிவி வாங்கிய அனுபவம்

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்கள் வீடு மேற்குப் பார்த்த வீடு. மூன்று மணிக்கு மேல் வாசல் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் நுழைந்து எதிர்ச்சுவரில் ஏறும். பழைய 32 இஞ்ச் டிவி அந்த எதிர்ச்சுவரில்தான் இருந்தது. அப்பாவுக்கு டெஸ்ட் மேட்ச் என்றால் ஒரு பந்து விடக்கூடாது. டீ இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் சூடு பிடிக்கும்போது திரையில் ஜன்னல் கம்பிதான் தெரியும். "பந்து எங்கடா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்காகத்தான் புது டிவி.

2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. அந்தத் தீபாவளிக்கு 55 இஞ்ச் பார்க்கப் போனோம். கடையில் ஓஎல்இடி டிவியை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து, கறுப்பு வர வேண்டிய இடத்தில் அணைந்துவிடும் வகையை, இருட்டு மூலையில் வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்பைப் பார்த்து மயங்காமல் வர முடியாது. ஆனால் எங்கள் ஹாலில் அந்த இருட்டுக்கு எங்கே போவது? டிவியை ஆஃப் பண்ணச் சொல்லி எதிரில் நின்று பார்த்தேன். ஒரு மாடலில் கடையின் டியூப்லைட் கண்ணாடியில் தெரிவது போலக் கூர்மையாகத் தெரிந்தது. இன்னொன்றில் மங்கலாகக் கலைந்து தெரிந்தது. பகலில் டிவி பார்க்கும் வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி. வாங்கப் போகும் எல்லோரும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொரு விஷயம், கிரிக்கெட் மைதானம் திரை முழுக்க வெளிச்சமான காட்சி. அந்த மாதிரி நேரத்தில் ஓஎல்இடி தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் போட்டிருக்கும் நிட்ஸ் என்ற வெளிச்ச அளவுக் கணக்கும் பெரும்பாலும் திரையின் சிறு பகுதிக்கு உண்டானது. அதனால், திரைக்குப் பின்னால் நிறைய குட்டி விளக்குகள் இருக்கும் மினி எல்இடி எடுத்தோம். அதில் ஒரு குறை, விஏ பேனல் என்ற திரை வகை என்பதால் பக்கவாட்டில் பார்த்தால் கொஞ்சம் வெளுக்கும். அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே சீரியல் பார்ப்பார். அவருக்காக, இழுத்துத் திருப்பும் ஸ்டாண்டு போட்டோம்.

இவ்வளவு செய்தும், பழைய இடத்திலேயே மாட்டியிருந்தால் பணம் வீண்தான். திரையில் நேர் வெயில் விழுந்தால் எந்த டிவியாலும் அதை ஜெயிக்க முடியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் வடக்குச் சுவருக்கு மாற்றினோம். சுவரை வெட்டி பிளக் பாயின்ட் கொண்டுபோக எலக்ட்ரீஷியனுக்கு ஒரு முழு நாள் ஆனது. என்னைக் கேட்டால் டிவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

மாட்டிய முதல் நாள் படம் மங்கலாக இருந்தது, மனசே கேட்கவில்லை. மின்சாரம் மிச்சப்படுத்தும் செட்டிங் ஆன் ஆகியிருந்தது. அதை ஆஃப் செய்ததும் சரியானது. இப்போது பகலுக்கு ஸ்டாண்டர்டு மோடில் பேக்லைட்டை (திரையின் பின்விளக்கை) ஏற்றி வைத்திருக்கிறேன், ராத்திரிக்கு சினிமா மோடு. படம் பார்க்கும்போது, அசைவுகளை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை எடுத்துவிடுவேன், இல்லையென்றால் சினிமாவே சீரியல் மாதிரி ஆகிவிடும்.

திருச்சியிலிருந்து:

அண்ணா, நாங்கள் ஓஎல்இடிதான் வாங்கினோம். கிழக்கு ஜன்னல், காலை ஒன்பது மணிக்குச் செய்தி பார்த்தால் எங்கள் முகம்தான் தெரிந்தது. உள்பக்கம் மெல்லிய துணியும் வெளிப்பக்கம் கனமான துணியுமாக இரட்டைத் திரைச்சீலை போட்ட பிறகு பரவாயில்லை. ஆனாலும் வருத்தமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் படம் பார்ப்போம். அந்த நேரத்தில் இதற்கு ஈடு கிடையாது. உங்கள் அப்பா மாதிரி பகலில் பார்ப்பவர் வீட்டில் இருந்திருந்தால் நானும் மினி எல்இடிதான் எடுத்திருப்பேன். சோபாவுக்கும் டிவிக்கும் எவ்வளவு தூரம் விட்டிருக்கிறீர்கள்?

பாளையங்கோட்டையிலிருந்து:

எட்டடி தங்கச்சி. 55 இஞ்சுக்கு ஏழெட்டு அடி போதும். வாங்குவதற்கு முன் 121 சென்டிமீட்டர் அகலம், 68 உயரத்துக்குச் செய்தித்தாளை ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் வைத்திருந்தேன். எலக்ட்ரீஷியன் உயரமாக மாட்டலாம் என்றார், நான் விடவில்லை. உட்கார்ந்தால் அப்பாவின் கண் திரையின் நடுப்பகுதிக்கு நேராக வருகிறது. போன வாரம் நாலு மணிக்கு, பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று அம்பயருக்கு முன்னால் அவரே சொன்னார்.