சோலார் பேனல் கழுவும் பணியைப் புதிதாகச் சேர்த்தோம்: காய்ந்ததும் வெண்கறை படிகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: பல்லடத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். கட்டடங்களின் வெளிச்சுவர், முகப்புக் கண்ணாடி, வாசலில் பதித்த இன்டர்லாக் கல், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைக் கழுவிக் கொடுக்கும் தொழிலைப் பல்லடம், சூலூர் வட்டாரத்தில் நடத்தி வருகிறோம். மழைக்காலத்தில் சுவர் வேலை வெகுவாகக் குறைந்துவிடுவதால், ஆண்டு முழுவதும் ஆட்களுக்கு வேலை கொடுக்கக்கூடிய ஒரு புதிய சேவையைச் சேர்க்க எண்ணி, இந்த ஆண்டு சோலார் பேனல் சுத்தம் செய்வதைத் தொடங்கியிருக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு நூற்பாலையின் கூரையிலுள்ள 100 கிலோவாட் அமைப்பு. ஒவ்வொன்றும் 540 வாட் திறனுள்ள 185 பேனல்கள் அங்கே உள்ளன. பஞ்சுத் தூசியும் பறவை எச்சமும் படிந்திருந்த அவற்றை ஆலையின் போர்வெல் தண்ணீரைக் கொண்டு பிரஷர் வாஷரில் கழுவினோம். ஈரமாக இருந்தவரை கண்ணாடி பளிச்சென்றே இருந்தது. காய்ந்த பிறகோ, சுண்ணாம்பு பூசியதைப் போல ஒரு மெல்லிய வெண்படலமும், ஒவ்வொரு பேனலின் கீழ் விளிம்பில் ஒரு தடித்த வெள்ளைக் கோடும் தெரிகின்றன. ஆலை மேலாளர் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்.

இந்தக் கறையை எப்படி நீக்குவது, அது மீண்டும் வராமல் இருக்க வாட்டர் சாஃப்ட்னர் வாங்கினால் போதுமா என்பவை என் முதல் இரண்டு கேள்விகள். மூன்றாவது, தொழில் பற்றியது. இதைத் தொடர்வது நல்லதா, அல்லது செப்டிக் டேங்க் சுத்தம், மாடிக்கு வாட்டர் ப்ரூஃபிங் போன்ற வேறு சேவைகளுக்குப் போவது நல்லதா? வாடிக்கையாளர்கள் அவற்றையும் அடிக்கடி கேட்கிறார்கள்.

மறுமொழி: சோலார் நிறுவுநர், ஈரோடு

சில விவரங்கள் தெரிந்தால்தான் சரியாகச் சொல்ல முடியும். தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்பு, எத்தனை மில்லிகிராம்? எத்தனை மணிக்குக் கழுவினீர்கள்? வாஷர் எத்தனை பார் அழுத்தம் கொண்டது? சோப்போ ஆசிடோ கலந்தீர்களா? ஆசிட் கலந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள், ஏனெனில் தரை ஓடுகளுக்குப் பயன்படுத்தும் ஆசிட் பேனலைச் சுற்றியுள்ள அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

ஆசிட் எதுவும் கலக்கவில்லை. பாத்திரம் கழுவும் திரவம் சிறிதளவு சேர்த்தோம். டி.டி.எஸ். மீட்டர் 1,650 காட்டுகிறது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியம் வரை வேலை நடந்தது. வாஷர் 150 பார் திறன் கொண்டது.

மறுமொழி: சோலார் நிறுவுநர், ஈரோடு

காரணம் தெளிவாகிவிட்டது. கறையை விடப் பெரிய இரண்டு சிக்கல்களும் உங்கள் பதிலிலேயே இருக்கின்றன.

வெயிலில் நிற்கும் பேனல் மதியத்தில் 60 டிகிரி செல்சியஸ் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் ஊற்றும் தண்ணீர் வழிந்தோடுவதற்கு முன்பே ஆவியாகி, தன்னிலுள்ள உப்பை அங்கேயே விட்டுச் செல்கிறது. ஒரு பேனலின் மேல் 100 மில்லி தண்ணீர் மட்டும் தங்கிக் காய்ந்தது என்று வைத்துக்கொண்டால்கூட, உங்கள் டி.டி.எஸ். கணக்கில் 165 மில்லிகிராம் உப்பு அதன் மேல் படியும். நம் பகுதி ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் பேனல்களை அவ்வளவு சாய்வாகத்தான் பொருத்துகிறோம். ஆலைகளின் தகரக் கூரையில் சாய்வு அதைவிடவும் குறைவு. எனவே கடைசித் தண்ணீர் கீழ்ச் சட்டத்தை ஒட்டித் தேங்கி நின்று காய்கிறது. நீங்கள் சொல்லும் தடித்த கோடு அதுதான்.

இப்போது அந்த இரண்டு சிக்கல்கள். சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினால் கண்ணாடி திடீரென்று சுருங்கி விரிசல் விடக்கூடும். 150 பார் அழுத்தத்தில் தண்ணீரை அருகிலிருந்து பீய்ச்சினால், கண்ணாடிக்குள்ளே இருக்கும் செல்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழவும், விளிம்பு ஒட்டும் பசை பெயரவும், கனெக்டர்களுக்குள் நீர் புகவும் வாய்ப்பிருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைப் பேனல் நிறுவனங்கள் தம் கையேட்டிலேயே குறிப்பிடுகின்றன, அதை மீறினால் உத்தரவாதமும் போய்விடும். சுவருக்கு வாங்கிய வாஷரைச் சுவரோடு வைத்துக்கொண்டு, பேனலுக்கு நீர் ஓடும் நீண்ட கம்பில் மென்மையான தூரிகையைப் பொருத்திப் பயன்படுத்துங்கள். விடியற்காலையில் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துவிடுங்கள். இரவில் இறங்கிய பனி எச்சத்தை ஓரளவு ஊறவைத்திருக்கும் என்பதால் வேலையும் எளிதாகும்.

கறையை நீக்க, ஒரே ஒரு பேனலின் மூலையில் சிட்ரிக் அமிலக் கரைசலைச் சோதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 20 கிராம் போதும். அதற்கு முன் கையேட்டில் அனுமதி உண்டா என்று பாருங்கள். மென்மையான துணியில் நனைத்துச் சில நிமிடங்கள் வைத்து, காயவிடாமல் துடைத்து, உடனே நல்ல தண்ணீரால் அலசுங்கள். கறை கரைந்து வந்தால் அது சுண்ணாம்புப் படிவு. வராவிட்டால் அது சிலிக்காவாக இருக்கலாம், அமிலத்துக்கு அது அசையாது. அதற்காகப் பாலிஷ் பொடியையோ எஃகு நாரையோ எடுத்துவிட வேண்டாம். கண்ணாடியின் மேலுள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வராது.

மறுமொழி: ஆர்.ஓ. பிளான்ட் பராமரிப்பாளர், திருப்பூர்

சாஃப்ட்னர் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். திருப்பூரில் 2011-இல் உயர் நீதிமன்றம் கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாளிலிருந்து டி.டி.எஸ். பற்றிப் பேசாத தேநீர்க் கடையே இங்கு கிடையாது. ஆனாலும் இந்த ஒரு குழப்பம் மட்டும் தீரவில்லை. சாஃப்ட்னர் தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. மொத்த உப்பு குறைவதில்லை. 1,650 உள்ள தண்ணீரைச் சாஃப்ட்னரில் விட்டு மீட்டரை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண்தான் வரும். படியும் கறை சற்று எளிதாக அலசிப் போகும் என்பதைத் தவிரக் கறையே வராது என்று சொல்ல முடியாது. பாய்லருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் அது பயன்படும், உங்கள் வேலைக்கு அது தீர்வல்ல. உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகள் மட்டும் கொண்ட டி.எம். யூனிட்டைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. இவ்வளவு உப்புள்ள தண்ணீரை அதில் நேரடியாக விட்டால் ரெசின் மிக விரைவில் தீர்ந்துவிடும்.

உங்களுக்குத் தேவை, சவ்வு வழியே வடித்து உப்பைப் பெருமளவு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர். அதற்காக உடனே பிளான்ட் போட வேண்டியதில்லை. கேன் தண்ணீர் போடும் பிளான்ட்டுகள் இரவு நேரத்தில் மொத்தமாகத் தண்ணீர் கொடுக்கும், டி.டி.எஸ். நூறுக்குள் இருக்கிறதா என்று மட்டும் நீங்களே மீட்டரை வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு பேனலுக்கு நான்கு லிட்டர் என்றால் 185 பேனல்களுக்கு 740 லிட்டர் வேண்டும். டாடா ஏஸ் போன்ற சிறிய வண்டி தாங்கும் எடையே ஏறக்குறைய முக்கால் டன்தான் என்பதால், தண்ணீரை ஏற்றிவிட்டு ஆட்களையும் ஏணியையும் எங்கே ஏற்றுவீர்கள்? ஆகையால் முதல் கழுவலை ஆலைத் தண்ணீரிலேயே செய்து, அது காய்வதற்குள் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீரைப் பயன்படுத்துங்கள். பேனலுக்கு இரண்டு லிட்டர் வீதம் 370 லிட்டர் போதும், 500 லிட்டர் தொட்டி ஒன்று உங்கள் வண்டியில் தாராளமாக நிற்கும். மாதம் நான்கைந்து ஆலைகள் நிலையாகக் கிடைத்த பிறகு சொந்த பிளான்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மறுமொழி: கண்ணாடி முகப்புச் சுத்த ஒப்பந்ததாரர், சென்னை

தொழில் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

செப்டிக் டேங்க் வேலையைத் தொடவே வேண்டாம். உரிமம் பெற்ற உறிஞ்சு வாகனம் வைத்திருப்பவர்களின் தொழில் அது, உங்கள் ஆட்களின் தொழில் அல்ல. மனிதர்களை ஆபத்தான முறையில் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. நச்சுவாயு தாக்கினால் உள்ளே போனவரும் வருவதில்லை, அவரைத் தூக்கப் போனவரும் வருவதில்லை. வாடிக்கையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வாகனக்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். வாட்டர் ப்ரூஃபிங் வேறு வகையான பொறி: இன்று பூசிய வேலைக்கு அடுத்த ஐப்பசி மழையில்தான் தேர்வு நடக்கும். அதுவரை பெற்ற பணத்தை இலாபம் என்று கணக்கில் எழுத முடியாது.

சோலார் பேனல் சரியான தேர்வு என்றே நினைக்கிறேன், ஆனால் யாருக்குச் செய்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் வீடுகளில் பேனல்கள் பெருகியிருக்கின்றன. அதைக் கண்டு வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கப் பலர் கிளம்பியிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோவாட் அமைப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும். தூசியால் 5 விழுக்காடு குறைகிறது என்று வைத்தால் மாதத்துக்கு 18 யூனிட் இழப்பு, யூனிட் 6 ரூபாய் என்றாலும் 108 ரூபாய்தான். அதைக் காப்பாற்ற வீட்டுக்காரர் உங்களுக்கு 600 ரூபாய் கொடுப்பாரா? வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு அவரே மாடி ஏறிவிடுவார். ஆனால் தண்ணீர்த் தொட்டி கழுவ எப்படியும் அந்த மாடிக்கு ஏறப் போகிறீர்கள் அல்லவா? அன்றே ஆறு பேனல்களையும் கழுவி 150 ரூபாய் கூடுதலாக வாங்கினால் இருவருக்கும் இலாபம்.

100 கிலோவாட் ஆலைக்கு அதே 5 விழுக்காடு மாதம் 600 யூனிட், யூனிட் ஏழரை ரூபாய் என்றால் 4,500 ரூபாய். பேனலுக்கு 20 ரூபாய் வீதம் நீங்கள் கேட்டால் 3,700 ரூபாய் ஆகிறது. ஆலை மேலாளர் இந்தக் கணக்கை உங்களுக்கு முன்பே போட்டிருப்பார், ஆகவே இதைவிட உயர்த்திக் கேட்டால் படியாது. கல்குவாரி, கோழிப்பண்ணை ஆகியவற்றுக்கு அருகிலுள்ள ஆலைகளில் இழப்பு இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால் அங்கேதான் முதலில் கதவைத் தட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. மேலே பதில் எழுதிய ஈரோட்டு நண்பரைப் போன்ற நிறுவுநர்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இருக்கும், கழுவ ஆட்கள்தான் இருக்க மாட்டார்கள்.

பணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவதற்கு முன்பு பாதுகாப்பில் போடுங்கள். பழைய ஆலைகளின் கூரை ஆஸ்பெஸ்டாஸ், இடையிடையே வெளிச்சத்துக்காகப் பதித்த ஃபைபர் ஷீட் இருக்கும். தூசி படிந்தபின் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, கால் வைத்தால் ஆள் நேரே தறி ஓடும் தளத்தில்தான் விழுவார். நடைபலகை போடாமலும், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள முழுவுடல் பாதுகாப்புப் பட்டையை நிலையான கம்பியில் மாட்டாமலும் எவரையும் ஏற்றாதீர்கள். ஆட்களுக்கு இழப்பீட்டுக் காப்பீடும், பிறர் உடைமைக்கான பொறுப்புக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். பெரிய ஆலைகள் அவற்றையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் கேட்கும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு எப்படியும் கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மேலாளரின் அனுமதியுடன் நேற்று விடியற்காலையில் ஒரு வரிசையில் மட்டும் சிட்ரிக் கரைசலைப் பயன்படுத்தி, ஆர்.ஓ. தண்ணீரால் அலசினோம். வெண்படலம் முழுவதும் போய்விட்டது. கீழ் விளிம்புக் கோடு பாதிதான் கரைந்திருக்கிறது. இன்னொரு ஐயம்: வேலை முடிந்து ஆறே முக்காலுக்கு இன்வெர்ட்டரைப் பார்த்தபோது 'இன்சுலேஷன்' பிழை என்று காட்டியது, பத்து மணிக்குப் பிறகு தானாகவே சரியாகிவிட்டது. இது எங்கள் வேலையால் வந்ததா?

மறுமொழி: சோலார் நிறுவுநர், ஈரோடு

விளிம்புக் கோட்டுக்கு, நனைத்த துணியைக் கோட்டின் மேல் நீளவாக்கில் ஒட்டி வைத்து, காயாமல் பார்த்துக்கொண்டு இரண்டாம் முறை முயலுங்கள். இனி ஒவ்வொரு முறையும் கடைசியில் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, சட்டத்தில் தேங்கும் நீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டால் கோடு விழாது.

இன்வெர்ட்டர் பிழைக்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். எங்கோ ஒரு கனெக்டர் சரியாகப் பூட்டப்படாமலோ, கேபிளின் உறை உரசிக் கிழிந்தோ இருந்து, அதில் நீர் பட்டதும் மின்காப்புத் தடை குறைந்திருக்கும். காய்ந்ததும் தானாகச் சரியானது அதையே காட்டுகிறது. அந்தப் பழுது உங்களுக்கு முன்பே இருந்திருக்கவும் கூடும், ஆனால் அதை நிரூபிக்க உங்களிடம் எதுவும் இல்லை. எனவே வேலைக்கு முந்தைய நாள் மதியமே இன்வெர்ட்டர் திரையையும், அதிலுள்ள பிழைப் பட்டியலையும், ஏற்கெனவே உடைந்த பேனல்களையும் மேலாளரின் முன்னிலையில் படம் எடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். இப்போதைக்கு ஆலையின் மின் பணியாளரிடம் சொல்லி அந்த வரிசையின் கனெக்டர்களைப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் ஆட்கள் அவற்றைத் தொட வேண்டாம். இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் வெளிச்சம் இருக்கும்வரை கேபிளில் டி.சி. மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் அளவில் நின்றுகொண்டே இருக்கும். உடைந்த கண்ணாடியுள்ள பேனலின் மேல் தண்ணீரே ஊற்றக் கூடாது.

நிறுத்தி வைத்த பணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். இன்வெர்ட்டர் ஒவ்வொரு வரிசையின் மின்னோட்டத்தையும் தனித்தனியாகக் காட்டும். நேற்று நீங்கள் கழுவிய வரிசையையும், அதே எண்ணிக்கையிலான பேனல்கள் அதே திசையில் உள்ள, இன்னும் வெண்படலம் நீங்காத ஒரு வரிசையையும் மேகமில்லாத மதியத்தில் மேலாளரை அருகில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வேறுபாடு ஆம்பியரில் தெரிந்தால், மீதி வரிசைகளையும் நேற்றைய முறையிலேயே முடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லிப் பணத்தைக் கேளுங்கள்.