சிங்கப்பூரில் அப்பாவைக் காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், முழங்காலுக்கு ஏற்ற பாதை எது?

வேதாரண்யத்தான்:

வணக்கம். நவம்பர் கடைசியில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், ஒரு மாதம் இருப்பார்கள். அப்பாவுக்கு 69 வயது. உப்பளத்து வரப்பிலும் கோடியக்கரைக் காட்டிலும் நடந்தே வளர்ந்தவர். இப்போது வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம் தாராளமாக நடப்பார். படி என்றால், அதுவும் இறங்கும் படி என்றால், நின்றுவிடுவார். கூடவே என் 6 வயது மகளும் வருவாள்.

போன முறை மரினா பே, செந்தோசா என்று கட்டடங்களாகவே காட்டி அனுப்பிவிட்டேன். விமான நிலையத்தில் அப்பா, "இந்த ஊரில் காடே இல்லையா தம்பி?" என்று கேட்டார். இரண்டு வருடமாக அது மனதிலேயே கிடக்கிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் மரங்களுக்கு மேலே போகும் தொங்கு பாலம் நன்றாக இருக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அங்கே அழைத்துப் போகலாமா? என்னிடம் கார் இல்லை.

புக்கிட் பாஞ்சாங் அக்கா:

தம்பி, தொங்கு பாலம் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாலம் அழகுதான், மறுக்கவில்லை. 250 மீட்டர் நீளம், உயரமான இடத்தில் கீழே தரை 25 மீட்டர் தள்ளி இருக்கும், மர உச்சிகள் கைக்கெட்டும். ஆனால் அது ஒருவழிப் பாதை. ஏறிவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. பாலம் முடிந்தபிறகுதான் படிகள் ஆரம்பிக்கும், ஏற்றமும் இறக்கமுமாக. மெக்ரிட்சி வாசலிலிருந்து போய்வந்தால் மொத்தம் 10 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். 2012இல் என் மாமியாரை அழைத்துப் போனேன். பாலத்தில் சந்தோஷமாகத்தான் நடந்தார். அப்புறம் படிகளில் பத்துப் படிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தீர்ந்துவிட்டது. முன்னே போனாலும் தூரம், பின்னே போகவும் வழியில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து பெரியவர்களோடு போகும்போது நான் தூரத்தைப் பார்ப்பதில்லை. நினைத்த இடத்தில் திரும்ப முடியுமா, காலடியில் என்ன தரை, இந்த இரண்டைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி 925 பேருந்து. அடிக்கடி வராது, பொறுமையாக நில்லுங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பாதை முழுக்க ஏறக்குறைய சமதரை. கடற்கரையை ஒட்டிய பாதையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் தெரியும். எங்கே அலுத்தாலும் அப்படியே திரும்பலாம்.

அங்கே இருப்பது அலையாத்திக் காடு. முத்துப்பேட்டைப் பக்கம் பார்த்தவருக்கு அந்தச் சேற்று வாசமே போதும். நவம்பர், டிசம்பரில் வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். உள்ளான், உப்புக்கொத்தி, கொக்கு எல்லாம் உங்கள் அப்பாவுக்குப் பழகிய முகங்கள், அதே மாதங்களில் கோடியக்கரைக்கும் வருகிறவைதானே. ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை: ஓதம், அதாவது கடல்நீர், ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். வெளியே சேற்றுத்திட்டு முழுகும்போது பறவைகள் உள்ளே இருக்கும் குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும். மறைந்திருந்து பார்க்க மரக்குடில்கள் உண்டு, உள்ளே பெஞ்சும் இருக்கும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் பறவை தூரத்தில் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீனைப் பாப்பா பார்ப்பாள், அதுவும் நஷ்டமில்லை. பெரிய பாலத்தில் நின்று கீழே ஆற்றைப் பாருங்கள், முதலை கிடக்கலாம். உவர்நீர் முதலை, உண்மையானது. பாப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

இரண்டாவது நாள் வேண்டுமென்றால், அலெக்சாண்ட்ரா பாலத்திலிருந்து தெலுக் பிளாங்கா குன்றுவரை போகும் உயர்நடைபாதை. 1.3 கிலோமீட்டர், சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சரிவு மெதுவானது. படியே ஏறாமல் மரங்களின் நடுவே நடக்கலாம், தொங்கு பாலத்துக்குப் பதில் இதைக் காட்டுங்கள். தரை இரும்பு வலை, கீழே பார்த்தால் தெரியும். உயரத்துக்குப் பயப்படுகிறவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

காலை 7 மணிக்கே நடக்க ஆரம்பித்துவிடுங்கள். அந்த மாதங்களில் மதியத்துக்குமேல் மழை வரும், இடி கேட்டதும் திரும்பிவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு அது சாப்பாட்டுப் பை. எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஊரில் மாதிரி அம்மா ஆசையாகப் பழத்தை நீட்டிவிடப் போகிறார், இங்கே காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம்.

சனிக்கிழமை நடை:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் புக்கிட் தீமாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? 163 மீட்டர்தான் குன்று, உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறதே. என் அம்மா 65 வயதில் ஏறினார்.

புக்கிட் பாஞ்சாங் அக்கா:

ஏறுவது பிரச்சினை இல்லை தம்பி. அந்தச் சாலை ஆரம்பத்திலேயே செங்குத்து. தேய்ந்த முழங்காலுக்கு இறக்கம்தான் எமன். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் நன்றாக இருந்திருக்கும்.

தண்டவாளத்துப் பேரன்:

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என் தாத்தா மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அதனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை: பழைய ரயில் பாதையில் நடங்கள்.

ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால்தான் அந்தப் பாதை முழுக்க மட்டமாக இருக்கிறது, முழங்காலுக்கு அதைவிட நல்லது என்ன வேண்டும்? தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர், எல்லாம் நடக்கத் தேவையில்லை. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கினால் பக்கத்திலேயே பழைய இரும்புப் பாலம், அதைத் தாண்டி புக்கிட் தீமா ரயில் நிலையம். 2011இல் ரயில் நின்றது. 2022இல் நிலையத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். அங்கிருந்து வடக்கே நடந்தால் ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு கூடவே வரும். இன்னொரு இரும்புப் பாலம் வரும்வரை போகலாம், மெதுவாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். மழை பெய்த மறுநாள் வேண்டாம், சில இடங்களில் சேறாகிவிடும்.

தாத்தா கடைசி ரயிலைப் பார்க்க உயிரோடு இல்லை. அந்த நிலையத்தில் நின்றால் எனக்கு அவர் ஞாபகம்தான். எத்தனை தமிழர்கள் அந்தத் தண்டவாளத்தில் வேலை பார்த்தார்கள் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். குயின்ஸ்டவுன் பக்கம் இருக்கும் முனீஸ்வரன் கோயிலும் ரயில்வே தொழிலாளிகள் தண்டவாளத்துப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டதுதான். நடை முடிந்து இன்னொரு நாள் அங்கேயும் போய் வாருங்கள்.

வேதாரண்யத்தான்:

அக்கா, நேற்று சுங்கை பூலோ போய்வந்தோம். ஓத நேரம் பார்த்து ஒன்பது மணிக்குள் குளத்தோரம் இருந்தோம். 925க்கு அரை மணி நேரம் நின்றது மட்டும்தான் சிரமம்.

அப்பா மரக்குடிலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எதிரே நூறு பறவையாவது இருக்கும், எல்லாம் காற்றுக்கு எதிரே முகம் வைத்து ஒற்றைக் காலில் நின்றன. "இது நம்ம உப்பளத்துக்கு வருமே" என்று மகளுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பறவைகளின் பெயரே தெரியாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். முதலை தெரியவில்லை, அதற்குப் பதில் ஒரு பெரிய உடும்பு பாதையைக் குறுக்கே கடந்தது. மகளுக்கு அதுவே முதலைதான்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று ராத்திரி கேட்டேன். "அடுத்து எங்கே?" என்றார். மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதை. பேரன் அண்ணா, நிலையத்துப் பக்கம் அம்மா உட்கார நிழலான இடம் இருக்குமா?