முதல் மழையில் இரணைமடு அலைகரையில் கண்டது

புரட்டாதி கடைசியில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தைப் பார்த்தால் 36 அடி பிடிக்கிற குளம் இதுதானா என்று இருக்கும். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, தண்ணீர் ஏறி இறங்குகிற அலைகரையில் சேறு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் இடி இடித்து நாலு மழை விழுந்ததும் கனகராயன் ஆறு கலங்கிக்கொண்டு வரும். அந்தப் புதுத்தண்ணீர் வாசத்துக்கே மீன் ஏறும். நான் வருடம் முழுவதும் காத்திருப்பது அந்த ஒரு கிழமைக்குத்தான்.

போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை நானும் மாமாவும் குளத்தின் தெற்குப் பக்கம், ஆறு வந்து விழுகிற இடத்துக்குக் கிட்டப் போனோம். திலாப்பியாவுக்கு நாக்கிளிப்புழு (மண்புழு), விராலுக்குச் சின்னத் தவளை. தங்கூசி நூல் கொஞ்சம் தடிப்பானது, ஏனென்றால் புல்லுக்குள் விரால் இழுத்தால் மெல்லியது நிற்காது. ஒரு மணித்தியாலத்தில் ஏழெட்டு திலாப்பியா விழுந்தது. (யப்பான் மீன் என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது ஆபிரிக்காவிலிருந்து 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்த மீன். இன்றைக்கு எங்கள் குளத்து மீன்காரரின் அடுப்பு எரிவதே அதனால்தான்.)

அப்புறம்தான் அதைக் கண்டேன். முழங்கால் தண்ணீரில், மூழ்கிய புல்லுக்கு நடுவே, ஒரு சுளகு அளவு இடம் உலை கொதிக்கிற மாதிரிப் பொங்கியது. குனிந்து பார்த்தால் விரால் பார்ப்பு. செம்மஞ்சள் நிறத்தில், நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிய குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். ஒன்றாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு ஒன்றாகத் தாழ்ந்தன. அவற்றுக்குக் கீழே கறுப்பாக ஒரு முதுகு, என் முழங்கை நீளம் இருக்கும், அசையாமல் நின்றது.

என் கை தானாகத் தவளைத் தூண்டிலுக்குப் போனது. பார்ப்போடு நிற்கிற விராலைப் பிடிப்பது மிகச் சுலபம். பசிக்கு அல்ல, குஞ்சுக்குக் கிட்ட வருகிற எதையும் கலைக்கத்தான் அது பாயும். தவளை விழுந்த கணமே வாயில் இருக்கும்.

மாமா என் தோளைப் பிடித்தார். "தம்பி, அதை விடு. அதைத் தூக்கினால் இவ்வளவும் மத்தியானத்துக்குள்ளை கொக்குக்கும் கெளிற்று மீனுக்கும் போயிடும்."

அவர் சின்ன வயதில் ஒருதரம் அப்படிப் பிடித்தவராம். பிடித்த இடத்திலேயே நின்று பார்த்தாராம், தாயும் தகப்பனும் இல்லாத பார்ப்பு சிதறியதையும், சுற்றி நின்ற மீன்கள் ஓடி ஓடி விழுங்கியதையும். அந்த விராலின் கறி தொண்டைக்குள் இறங்கவில்லை என்றார். நான் தூண்டிலைச் சுருட்டினேன். அன்றைக்கு வேறு விரால் கிடைக்கவும் இல்லை.

இப்போது கொதிக்கிற தண்ணீரைத் தேடித் தேடியே தூண்டில் போடுகிற பெடியளைக் காண்கிறேன். வயிறு எரிகிறது. வேறு குளங்களில் எப்படி? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

முத்தையன்கட்டுக் குளத்திலிருந்து ஒருவர்

தம்பி, நான் வலைக்காரன், தூண்டில் பழக்கம் இல்லை. மூன்றரை அங்குலக் கண்ணுக்குக் குறைந்த வலையை நான் குளத்தில் இறக்குவதில்லை, குஞ்சு தப்பிப் போகட்டும் என்று. எனக்கு மழைக்கால அனுபவம் என்றால் முதலைதான். தண்ணீர் வற்றிய நாளில் அது எந்த மடுவில் கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். மழை பெய்து குளம் விரிந்ததும் அதுவும் விரிந்துவிடும். ஒரு கார்த்திகை விடியலில் வலையை இழுத்தால் பாரமாக வந்தது. நல்ல பாடு என்று சந்தோசப்பட்டேன். வள்ளத்துக்கு ஆறடி தள்ளி மூக்கும் இரண்டு கண்ணும் எழும்பின, வாயில் என் வலையும் அதில் பட்ட திலாப்பியாவும். வலையை விட்டுவிட்டேன். பிறகு எடுத்தபோது இரண்டு ஆள் படுக்கிற அளவுக்கு ஓட்டை. முழங்கால் தண்ணீர்தானே என்று இருட்டோடு அலைகரையில் இறங்காதே.

மறுபடியும் நான்

சரி அண்ணை, இனி வெளிச்சம் வந்த பிறகுதான் இறங்குவேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மூன்று கிழமை கழித்து அதே இடத்துக்குப் போனேன். தண்ணீர் இடுப்பளவு ஏறி, புல் முழுவதும் மூடிவிட்டது. கரையில் நின்றே பார்த்தேன். கொஞ்சம் தள்ளி மறுபடியும் அந்தக் கொதிப்பு. குஞ்சுகளின் செம்மஞ்சள் போய் முதுகு கறுக்கத் தொடங்கியிருந்தது. கூட்டம் முன்னையை விடச் சிறிதுதான், ஆனால் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம் இருந்தது.