ஹாபி ட்ரோனுக்குப் பதிவு எண்: நானே கட்டிய எஃப்பிவிக்கு எந்த சீரியல் நம்பரைக் கொடுப்பது?

கிணத்துக்கடவு_காற்று (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் வேலை. சனி ஞாயிறு மட்டும் பறக்கவிடுகிற ஆள், இதில் ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று நானே சால்டர் பண்ணிக் கட்டிய ஐந்து அங்குல எஃப்பிவி (கண்ணில் மாட்டிய திரையில் ட்ரோன் கேமராவின் காட்சியைப் பார்த்துப் பறக்கவிடுவது), பேட்டரி, கேமரா எல்லாம் சேர்த்து 680 கிராம். இன்னொன்று 2023இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா பரிசாகக் கொடுத்த டிஜேஐ மினி, 249 கிராம்.

இரண்டையும் அரசின் ட்ரோன் பதிவுத் தளத்தில் பதிவு செய்துவிடலாம், 100 ரூபாய்தானே என்று உட்கார்ந்தேன். அதற்கான டி-2 படிவத்தைப் பார்த்தால் தயாரிப்பாளர் கொடுத்த சீரியல் எண், ஃப்ளைட் கன்ட்ரோலரின் (ட்ரோனின் மூளையான சர்க்யூட் போர்டு) சீரியல் எண், ரிமோட்டின் சீரியல் எண் மூன்றையும் கேட்கிறது. என் எஃப்பிவிக்குத் தயாரிப்பாளர் நான்தான். ஃப்ரேம் ஒரு கடை, மோட்டார் ஒரு கடை, ஃப்ளைட் கன்ட்ரோலர் பழையது எரிந்துபோய் இப்போது இருப்பது வேறு. எந்த நம்பரைப் போடுவது? மினியைப் பொறுத்தவரை பில்லே இல்லை. பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவனுக்கு இதெல்லாம் நிஜமாகவே தேவையா, இல்லை நான்தான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?

இன்னொன்று, இங்கே ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தால் பைலட் சான்றிதழ் இல்லாமல் தொடவே கூடாது என்று சொல்லி, பயிற்சிக் கட்டணத்தையும் கூடவே சொல்கிறார்கள்.

---

விதி_வாசகன்

கடைசியிலிருந்து வருகிறேன். பைலட் சான்றிதழ் உங்களுக்கு வேண்டாம். 2022 பிப்ரவரி திருத்தத்தில் தெளிவாகவே இருக்கிறது: 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட்டால் சான்றிதழ் தேவையில்லை. கல்யாண வீடியோ எடுத்துக் காசு வாங்கினால் கதை வேறு. பயிற்சி மையக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, ஆனால் அவர் கடையையும் நடத்த வேண்டுமல்லவா.

இப்போது பதிவு. ட்ரோன் விதிகள் 2021 (அந்த ஆண்டு ஆகஸ்ட் 25இல் வந்தவை) படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ. இது தவிர 'மாடல்' என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு இதற்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறப்பது. நானோவுக்கும் மாடலுக்கும் டைப் சர்டிஃபிகேட் (அந்த ரக ட்ரோன் தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று) வேண்டாம். உங்கள் எஃப்பிவி இதற்குள் வந்துவிடும். ஆனால் டைப் சர்டிஃபிகேட் விலக்கு வேறு, பதிவு எண் விலக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு '250 கிராமுக்குக் கீழே எதுவும் வேண்டாம்' என்று யூடியூபில் சொல்கிறவர்கள் ஏராளம். நான் படித்த வரையில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவருக்குப் பதிவு எண்ணிலிருந்து விலக்கு எங்கும் எழுதப்படவில்லை. பழைய 2018 விதியில் 50 அடிக்குள் பறக்கும் நானோவுக்கு விலக்கு இருந்தது, அந்த நினைவிலேயே பலர் இன்னும் பேசுகிறார்கள்.

உங்கள் கேள்வியில் நிஜமான சிக்கல் சீரியல் நம்பர்தான். பதிவு எண் அந்த மூன்று எண்களோடும் இணைக்கப்படும். ஃப்ளைட் கன்ட்ரோலரையோ ரிமோட்டையோ மாற்றினால் புதிய எண்ணை 7 நாளுக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது விதி. விதி எழுதியவர் மனதில் இருந்தது பெட்டியைப் பிரித்து பேட்டரி போட்டு ஏற்றும் ட்ரோன். அதில் கன்ட்ரோலர் மாறுவது என்பது சர்வீஸ் சென்டருக்குப் போய் வருகிற அபூர்வ நிகழ்வு. எஃப்பிவி ஆட்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை சமாசாரம்.

---

புகை_மோட்டார்

எஃப்பிவி கட்டுகிற எல்லோர் சார்பாகவும் கேட்கிறேன், என்னிடம் ஆறேழு ஃப்ரேம் கிடக்கிறது, மூன்று ஸ்டேக் (ஃப்ளைட் கன்ட்ரோலரும் மோட்டாரை ஓட்டும் போர்டும் சேர்ந்தது), ரேடியோ, அதாவது ரிமோட், ஒன்றே ஒன்று. இன்றைக்கு இந்த ஃப்ரேமில் இருக்கும் ஸ்டேக் நாளைக்கு அதில் இருக்கும். இதில் எது 'ட்ரோன்'? எதற்கு எண் ஒட்டுவது? மோதி உடைந்து சாயங்காலம் மாற்றிக் கட்டினால் தளத்தில் போய் அப்டேட் பண்ணிவிட்டுத்தான் மறுநாள் ஏற்ற வேண்டுமா? கடைப்பிடிக்கவே முடியாத விதியைப் போட்டால் எல்லோரும் மீறத்தான் செய்வார்கள், அப்புறம் நல்லவன் கெட்டவன் எல்லோரும் ஒரே பட்டியல். நான் பதிவு பண்ணவில்லை, பண்ணப்போவதும் இல்லை. ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் பறக்கவிடுகிறேன், ஒருத்தர் தலைக்கு மேலும் போவதில்லை.

---

பால்சா_பெரியவர்

தம்பி புகை_மோட்டார், கோபம் நியாயம்தான், ஆனால் நீங்கள் எல்லாம் நல்ல காலத்தில் வந்திருக்கிறீர்கள் என்று சொன்னால் அடிக்க வராதீர்கள். நான் பால்சா மரத்தில் விமானம் செதுக்கி நைட்ரோ எஞ்சின் போட்டுப் பறக்கவிட்ட தலைமுறை. அப்போது யாரும் கேட்டதில்லை, ஏனென்றால் ஆளே இல்லை. அஜித் ஆர்சி ஹெலிகாப்டர் பறக்கவிடுகிறார் என்று பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் வீட்டில் எங்களைக் கொஞ்சம் மதித்தார்கள். 2014 அக்டோபரில் டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) ஒரே ஒரு பொது அறிவிப்பு போட்டது, இனி தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக்கூடாது, அவ்வளவுதான். அது நான்கு வருஷத்துக்கு மேல் ஓடியது. பதிவு செய்யலாமா வேண்டாமா என்ற பேச்சே கிடையாது, தடை என்றால் தடை. 2018 டிசம்பரில் விதி என்று ஒன்று நடைமுறைக்கு வந்தது, அதிலும் ஒவ்வொரு முறையும் அனுமதி வாங்காமல் மோட்டாரே சுற்றக்கூடாது என்று சாஃப்ட்வேரிலேயே பூட்டு வேண்டும் என்றார்கள். வீட்டில் கட்டியதில் அந்தப் பூட்டை யார் போடுவது?

2021இல்தான் மூச்சு வந்தது. மார்ச்சில் வந்த விதியைப் பார்த்து எல்லோரும் கத்திய கத்தலில் ஆகஸ்டில் அதையே தூக்கிவிட்டுப் புதியது போட்டார்கள். 25 படிவம் 5 ஆனது, 72 வகைக் கட்டணம் 4 ஆனது. இத்தனைக்கும் நடுவில் ஜூன் மாதம் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோனில் குண்டு போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு விதியை இறுக்குவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இறுக்கவில்லை, தளர்த்தினார்கள். சிறியவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

டெக்சாஸ்_தமிழன்

இங்கே நடந்ததையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். அமெரிக்காவில் 2015 டிசம்பரில் எஃப்ஏஏ (இங்குள்ள விமானப் போக்குவரத்து அமைப்பு) பதிவைக் கொண்டுவந்தது: 250 கிராமுக்கு மேல் என்றால் 5 டாலர். உடனே ஜான் டெய்லர் என்ற மாடல் விமான ஆர்வலர் வழக்குப் போட்டார். மாடல் விமானங்களுக்கு எஃப்ஏஏ புதிதாக விதி போடக்கூடாது என்று 2012இல் காங்கிரஸ் சட்டமே இயற்றியிருக்கிறதே என்பதுதான் வாதம். 2017 மே மாதம் அவர் ஜெயித்தார். தீர்ப்பை எழுதியவர் கவனா, இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருப்பவரேதான். கேட்டவர்களுக்கு 5 டாலரைத் திருப்பிக்கூடக் கொடுத்தார்கள். அந்தக் கொண்டாட்டம் டிசம்பர் வரைதான். ராணுவ பட்ஜெட் சட்டத்துக்குள் ஒரு பத்தியைச் செருகிப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே பொழுதுபோக்குப் பதிவு ஆளுக்கு, ட்ரோனுக்கு அல்ல. 5 டாலர், மூன்று வருஷம், ஒரே எண்; அதை எத்தனை ஃப்ரேம் இருந்தாலும் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டிக்கொள்ளலாம். புகை_மோட்டார் கேட்கும் 'எது ட்ரோன்' என்ற கேள்வியே எழாது. ரிமோட் ஐடி (பறக்கும்போதே ட்ரோன் தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்புவது) வந்த பிறகு இங்கேயும் புலம்பல் உண்டு, 2024 மார்ச் முதல் அதற்கு அபராதம் போடலாம் என்ற நிலை. இருந்தாலும் அந்தக் கருவியையும் ஒன்று வாங்கி ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்: பதிவே வேண்டாம் என்று அல்ல, பறக்கவிடுகிற ஆளைப் பதிவு செய்யுங்கள் என்று.

---

விதி_வாசகன்

இதை வழிமொழிகிறேன். 100 ரூபாயைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை, எண்ணை எதோடு கட்டுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

---

மணல்வீடு_ஈசிஆர்

249 கிராம் சமாசாரம் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மாவிக் மினி 2019இல் 249 கிராமில் வந்தது தற்செயல் இல்லை, 250 என்ற கோட்டுக்காகவே. அதே மாடல் ஜப்பானில் சின்ன பேட்டரியோடு 199 கிராமில் விற்றது, அங்கே அப்போது கோடு 200. பிறகு 2022 ஜூனில் ஜப்பான் கோட்டை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது. பிரிட்டனும் 2026 ஜனவரி முதல் 100 கிராம். எடையை நம்பி வாங்குகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

காவல்துறை பற்றி: கடற்கரையில் ஒருமுறை என்னை நிறுத்தி 'லைசென்ஸ் எங்கே' என்றார் ஒருவர். விதியின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன், காட்டினேன். படித்துவிட்டு 'சரி, பதிவு எண் எங்கே' என்றார்! அதுவும் ஒட்டியிருந்ததால் விட்டார். எண் இல்லாமல் வாக்குவாதம் பண்ணியிருந்தால் ட்ரோன் அவரோடு போயிருக்கும். கோடு கிழித்து விளக்குகிற வசதி தெருவில் கிடைக்காது. அதனால் புகை_மோட்டார், பொட்டல் காடு என்றாலும் ஒன்றுக்காவது எண் வாங்கிவிடுங்கள்.

முக்கியமான விஐபி வருகை என்றால் எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் (பறக்கத் தடையான பகுதி) அறிவிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் பச்சையாக, அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடியதாக, இருந்த இடம் மாலையில் சிவப்பாகிவிடும்.

---

கிணத்துக்கடவு_காற்று

எல்லோருக்கும் நன்றி. மினியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?

---

விதி_வாசகன்

வேண்டுமென்றேதான் தள்ளிவைத்தேன், ஏனென்றால் நல்ல செய்தி இல்லை. முழு ட்ரோனாகவோ பிரித்த கிட்டாகவோ இறக்குமதி செய்வதை டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) 2022 பிப்ரவரி 9இல் தடை செய்துவிட்டது. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சி இவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை, அதனால்தான் உங்கள் எஃப்பிவி பிழைத்தது. 2021 நவம்பர் 30க்குள் நாட்டில் இருந்த ட்ரோன்களை ஒழுங்குபடுத்த ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள், அதற்கும் ஜிஎஸ்டி கட்டிய பில் வேண்டும். உங்கள் மாமா கொடுத்தது 2023. அன்பளிப்பா, பெட்டியில் வந்ததா என்பது இதில் கணக்கில்லை. பதிவு செய்யப் போனால் 'எப்படி உள்ளே வந்தது' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பீர்கள். பறக்கவிடாதீர்கள். அடுத்த முறை மாமா சிங்கப்பூர் போகும்போது கையோடு கொடுத்து அனுப்புங்கள், அங்கே பறக்கட்டும்.

விதி மீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை. அதோடு 2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதா என்று ஒரு வரைவை வெளியிட்டார்கள், அதில் சிறைத் தண்டனையே இருக்கிறது. அது சட்டமானால் இந்த இழையில் பாதி பதில் செல்லாது.

---

புகை_மோட்டார்

அதாவது கடையில் பில்லோடு கிடைக்கிற நல்ல கேமரா ட்ரோனும் இல்லை, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது, நாமே கட்டினால் சீரியல் இல்லை. பிரமாதம்! 2025இல் ஜிஎஸ்டியை 5 சதவீதமாகக் குறைத்தோம் என்று சொன்னார்கள், எதை வாங்க?

இதையும் யாராவது விளக்குங்கள். மாடல் வகைக்குக் 'கண்ணுக்குத் தெரியும் தூரம்' என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். எஃப்பிவியில் நான் காகிள்ஸ் மாட்டியிருக்கிறேன், என் ட்ரோன் எனக்கே தெரியாது. அப்போது நான் மாடலா இல்லையா?

---

டெக்சாஸ்_தமிழன்

இங்கே அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் விதி இதைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒரு நண்பரை நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. பின்னால் வருகிற நாயையும் அவர் பார்த்துக்கொள்வார்.

---

வேலைமேசை

வாதத்தில் கேட்டவரை மறந்துவிட்டீர்கள். சீரியல் நம்பருக்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான ஃப்ளைட் கன்ட்ரோலர்களில் மேலே எண் அச்சிட்டிருக்காது, ஆனால் உள்ளே இருக்கும் எஸ்டிஎம்32 சிப்புக்குத் தொழிற்சாலையிலேயே பதித்த 96 பிட் தனி எண் உண்டு, அதை யாரும் மாற்ற முடியாது. கன்ட்ரோலரை அமைக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட் கன்ஃபிகரேட்டரில் சிஎல்ஐ (கட்டளை எழுதும் பக்கம்) திறந்து எம்சியு_ஐடி என்ற கட்டளையைக் கொடுங்கள் (ஆங்கிலத்தில், இடையில் அடிக்கோடு), நீளமாக ஒரு எண் வரும். கன்ட்ரோலர் எண்ணாக அதைக் கொடுக்கலாம், ரேடியோவுக்குப் பின்புற ஸ்டிக்கரில் இருப்பது. ஃப்ரேமுக்கு நீங்களே ஒரு எண் உருவாக்கிப் பொறித்துக்கொள்ளுங்கள், தயாரிப்பாளர் நீங்கள்தானே. படிவத்தை வாங்கிப் பார்ப்பவர் ஒத்துக்கொள்வாரா என்பது அவர் கையில். குறைந்தபட்சம் இட்டுக்கட்டிய எண் இல்லை, நாளைக்கு யாராவது கேட்டால் லேப்டாப்பில் போட்டுக் காட்டலாம்.

கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனம், ஆராய்ச்சிக்காகத் தன் வளாகத்துக்குள் பச்சை மண்டலத்தில் பறக்கவிட்டால் பதிவு எண்ணும் வேண்டாம். க்ளப் வழியாகப் போங்கள்.

அப்புறம் கோவைக்காரரே, எண் வாங்கினாலும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பீளமேடு விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் இன்னொரு பக்கம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிதான், அதற்குள்ளே 8 கிலோமீட்டருக்கு வந்துவிட்டால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். கிணத்துக்கடவுப் பக்கம் தப்பிக்கும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

---

கிணத்துக்கடவு_காற்று

எம்சியு_ஐடி வேலை செய்கிறது, எண் வந்துவிட்டது. மினியைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டேன், மாமாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும். எஃப்பிவிக்கு டி-2 போடப்போகிறேன், என்ன பதில் வருகிறதோ இங்கேயே எழுதுகிறேன். மூன்றாம் நபர் காப்பீட்டில் நானோவுக்குத்தான் விலக்கு, 680 கிராமுக்கு இல்லை என்று இப்போதுதான் கவனித்தேன். சொந்தமாகக் கட்டியதற்குக் காப்பீடு கொடுக்கிற கம்பெனி யாருக்காவது தெரியுமா?

---

புகை_மோட்டார்

கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். எண்ணே வாங்காதவன் எதற்குக் கேட்கிறான் என்று கேட்காதீர்கள்.