டோக்கன் கொடுப்பதெல்லாம் ஒரு சேவையா?

பள்ளிக் கடைசி ஆண்டு மாணவன்:
மருத்துவம் படிக்க ஆசை. நுழைவுத்தேர்வுக்கு இன்னும் 8 மாதம். சனிக்கிழமைகளில் ஒரு இலவச மருத்துவ மையத்துக்குப் போய்வருகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் தினக்கூலிகள், வீடில்லாதவர்கள், துணைக்கு யாரும் இல்லாத முதியவர்கள். ஏதாவது கற்றுக்கொள்ளலாம் என்று போனால், 4 மாதமாக டோக்கன் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஆள் இல்லை என்று பிரஷர் பார்க்கச் சொன்னார்கள். 3 பேருக்கு 160க்கு மேல் எழுதினேன். டாக்டர் மறுபடி பார்த்தால் 2 பேருக்கு 130தான். மானம் போயிற்று. வீட்டிலும் திட்டு. விட்டுவிடலாமா?

முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்:
மார்க் இல்லாவிட்டால் சீட் இல்லை தம்பி. முதலில் படி. சேவை எங்கேயும் ஓடிப் போகாது.

நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி:
மேலே சொன்னதில் பாதி சரி. தேர்வுக்குக் கடைசி 2 மாதம் லீவு போட்டுக்கொள், யாரும் கோபிக்க மாட்டார்கள். முழுக்க விடாதே.

பிரஷர் கதை எனக்கும் நடந்ததுதான். வந்து உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றினாயா? 5 நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் அளவு ஏறும், இதய மட்டத்தில் தாங்கலாக வைக்க வேண்டும். "ஊர் எது, பிள்ளைகள் எத்தனை பேர்" என்று பேச்சுக் கொடுத்தாலும் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் ஏறும். சரியாகச் சொல்லித்தராமல் கருவியைக் கையில் கொடுத்தால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடு. அதில் வெட்கம் இல்லை.

அப்புறம் டோக்கன். நானும் ஒன்றரை வருடம் அந்த மேசையில் இருந்தவள். காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டாம் வாரமே மாத்திரையை நிறுத்திவிட்டார். உள்ளே டாக்டர் கேட்டபோது "போடுறேன் சார்" என்று தலையாட்டியவர், வெளியே வந்து என்னிடம் மெதுவாக, "ரத்தமா போகுதும்மா, பயமா இருக்கு" என்றார். ரத்தம் இல்லை. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், கண்ணீர்கூட நிறம் மாறும். அதை அவருக்குச் சொல்லியிருப்பார்கள். சொன்ன வேகத்தில் அவருக்கு எட்டவில்லை. அப்போது எனக்கும் அந்த விஷயம் தெரியாது. நானாக எதுவும் சொல்லாமல் அவரைத் திரும்ப உள்ளே அழைத்துப் போனேன். என் வேலை அவ்வளவுதான். ஆனால் டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை டோக்கன் கொடுக்கிற பெண்ணிடம் சொன்னார் பார்!

இன்றும் மாத்திரை கொடுத்தால் "புரிஞ்சுதா?" என்று கேட்க மாட்டேன். எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் இதை எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க ஐயா" என்பேன்.

ஓய்வுபெற்ற மருத்துவர்:
வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1971இல் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. நான் 30 வருடம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். டோக்கன் வாங்கிவிட்டு உள்ளே வராமலே போனவர்களை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அடுத்த வாரம் எண்ணிப் பார்.

பள்ளிக் கடைசி ஆண்டு மாணவன்:
எண்ணினேன். 41 டோக்கனில் 7 பேர் பார்க்காமலே போய்விட்டார்கள். அதில் 4 பேர் வயதானவர்கள். ஒரு பாட்டியை வாசலில் பிடித்துக் கேட்டேன். கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது, கைத்தடியோடு போய்வருவதற்குள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்களாம். திரும்ப வரிசையில் நிற்க முடியாமல் கிளம்பிவிட்டார். இனிமேல் போகும்போது சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பிரஷர் பார்ப்பதை நர்ஸ் அக்காவிடம் முறையாகக் கற்றுக்கொள்கிறேன். வீட்டில் திட்டு அப்படியேதான் இருக்கிறது.